பொருநைக் கரையில் ஆள்மாறாட்டமும் அயற்சான்றும்: வேள்விக்குடிச் செப்பேடு முதல் விரல்ரேகைப் பதிவேடு வரை

ஆய்வுச் சுருக்கம்

ஒருவருடைய பெயரையும் அப்பெயரோடு ஒட்டிய உரிமையையும் மற்றொருவர் கவர்ந்துகொள்ளும் ஆள்மாறாட்டம், இன்று பெரும்பாலும் மின்னணுக் குற்றமாகவே பேசப்படுகிறது. ஆயினும் 'இவர் இன்னார்தாம்' என்று நிறுவும் சிக்கலும் அதில் நேரும் வஞ்சனையும் தமிழகத்தில் நெடிய வரலாறு உடையவை. வேள்விக்குடிச் செப்பேடு, மானூர்க் கல்வெட்டு, காலனிய ஆவணப் பதிவுச் சட்டங்கள், புலம்பெயர் தொழிலாளர் அடையாள முறைகள், அண்மைக்காலச் சட்டத் திருத்தங்கள் ஆகியவற்றைக் கொண்டு, தாமிரபரணிப் பள்ளத்தாக்கை மையமாக வைத்து அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உரியவர் கையிலும் கவர்பவர் கையிலும் இல்லாத மூன்றாம் இடத்துச் சான்றே ஒருவரது அடையாளத்தைக் காத்து வந்துள்ளது என்பதும், ஆள்மாறாட்டத்தின் முன்னறிகுறிகள் அனைத்தும் அச்சான்றைச் சுற்றிச் செல்லும் முயற்சியின் தடயங்களே என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆள்மாறாட்டம், அயற்சான்று, வேள்விக்குடி, மானூர், ஆவணப் பதிவு, விரல்ரேகை, தாமிரபரணி.

1. முன்னுரை

பொதிகையில் தோன்றிப் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் சிற்றாறு. எனினும் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் இவ்வாற்றின் இரு கரையையும் பல நூற்றாண்டுகளாக நன்செய் நிலமாக வைத்துள்ளன. நீர் உறுதியான நிலம் விலைமதிப்புடையது. விலைமதிப்புடைய நிலத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வியும் கூர்மையானது. அடையாளச் சான்றின் வரலாற்றை ஆராய இப்பள்ளத்தாக்கு ஏற்ற களமாவதற்கு இதுவே முதற்காரணம். இங்கிருந்து மக்கள் கொழும்புக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பெயர்ந்து சென்றமை இரண்டாவது காரணம். உரியவர் ஊரில் இல்லாத காலமே ஆள்மாறாட்டத்துக்கு வாய்ப்பான காலம்.

வழக்கில் உரிமையை நிறுவும் சான்றுகளைத் தமிழ் மரபு ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூன்றாகப் பகுத்தது. ஆட்சி என்பது நிலத்தையோ பொருளையோ இடையறாது துய்த்து வருதல். ஆவணம் எழுத்து. அயலார் காட்சி வழக்கில் பங்கில்லாதவர் கண்டும் அறிந்தும் கூறுவது. சேக்கிழாரின் பெரியபுராணம் தடுத்தாட்கொண்ட வழக்கை விவரிக்கும் முறையில் இம்மூன்றும் இடம்பெறுகின்றன. முதியவர் காட்டிய அடிமை ஓலை உண்மையானதா என்பதை அறியத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார், ஓலையை எழுதியதாகச் சொல்லப்பட்ட பாட்டனாரின் வேறொரு கையெழுத்தைக் காப்பிலிருந்து வரவழைத்து ஒப்பிடுகின்றனர். நிகழ்ச்சியின் சமய உட்பொருள் எதுவாயினும், ஓர் எழுத்தை அதற்கு வெளியே பாதுகாக்கப்பட்ட மற்றோர் எழுத்தால் சோதிக்கும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் கேட்போர்க்குப் பழகியதாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. இவ்வாறு வழக்காடும் இரு தரப்பின் கையிலும் இல்லாத சான்றை இக்கட்டுரை 'அயற்சான்று' என்று குறிக்கிறது. அது மனிதராகவும் இருக்கலாம், ஏடாகவும் இருக்கலாம்.

2. நாட்டார் அறிந்த ஆள்: வேள்விக்குடி வழக்கு

பராந்தக நெடுஞ்சடையனின் மூன்றாம் ஆட்சியாண்டில் வழங்கப்பட்ட வேள்விக்குடிச் செப்பேடு, பாண்டியர் வரலாற்றுக்கும் களப்பிரர் பற்றிய விவாதத்துக்கும் அடிப்படைச் சான்றாகப் பயன்பட்டு வருகிறது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இச்செப்பேட்டை ஓர் அடையாள வழக்கின் பதிவாகவும் படிக்க இடமுண்டு.

கூடல் நகரில் அரசன் வலம் வரும்போது ஒருவர் முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, கொற்கைகிழான் நற்கொற்றன் வேட்ட வேள்வியின் பொருட்டுப் பாகனூர்க் கூற்றத்து ஊரொன்றை அவனுக்கு வழங்கினான். அது வேள்விக்குடி எனப் பெயர்பெற்றது. களப்பிரர் காலத்தில் அவ்வுரிமை பறிபோயிற்று. அக்குடியின் வழிவந்தவன் தான் என்பது முறையீட்டின் சாரம். முறையிட்ட காமக்காணி நற்சிங்கனும் கொற்கைகிழான் என்னும் பட்டத்தை உடையவன். தாமிரபரணி கடலோடு கலந்த இடத்துப் பழந்துறைமுகத்தின் பெயரே அக்குடியின் அடையாளமாகத் தலைமுறைகள் கடந்து நின்றது.

இங்கு அரசன் எதிர்கொண்ட சிக்கல் எளியதன்று. கொடுத்த அரசன் இல்லை, பெற்றவன் இல்லை, இடையில் ஆட்சி அறுபட்டுவிட்டது. முற்கூறிய மூவகைச் சான்றுகளில் ஆட்சி வழக்காடுபவனுக்கு எதிராகவே நின்றது. முன்னோர் பெயரையும் பட்டத்தையும் அறிந்த எவரும் அவ்வழியினராகத் தம்மைக் கூறிக்கொள்ள முடியும். செப்பேடு காட்டும் அரசன் முறையீட்டை மறுக்கவில்லை, உடனே ஏற்கவும் இல்லை. நாட்டாரைக் கொண்டு பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள்ளுமாறு பணிக்கிறான். அவ்வாறே காட்டப்பட்ட பின்னர்தான் கொடை புதுப்பிக்கப்படுகிறது. இக்கொடைக்கு ஆணத்தியாக நின்ற மாறன்காரி கரவந்தபுரத்தைச் சேர்ந்தவன். கரவந்தபுரத்தைத் திருநெல்வேலிக்கு வடமேற்கில் உள்ள உக்கிரன்கோட்டையாக ஆய்வாளர் அடையாளம் காண்பர்.

நாட்டார் என்பவர் வேளாண்மைப் பகுதியின் நிலவுடைமையாளர் குழு. வழக்காடியவனின் உறவினரையோ அரண்மனை அலுவலரையோ கேளாமல் இக்குழுவைச் சான்றாக்கியதே செயல்முறையின் உயிர்நிலை. நாட்டார் பொய் கூறவே மாட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒருவனைத் தன் வயப்படுத்துவதினும் ஒரு நாட்டையே வயப்படுத்துவது அரிது என்ற நடைமுறை அறிவே இதில் அடங்கியுள்ளது. அதே வேளையில் இம்முறைக்கு ஒரு விலையும் இருந்தது. நாட்டார் அறியாதவர்க்கும், நாட்டார் அறிந்தும் ஏற்காதவர்க்கும் இதில் இடமில்லை. அடையாளம் குழுவின் அறிவாக இருந்தபோது, குழுவுக்கு வெளியே இருந்தவர் வழக்காடுபவராகக்கூட ஆக முடியவில்லை.

3. பங்கும் பங்காளியும்: மானூர்க் கல்வெட்டு

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர் அம்பலவாண சுவாமி கோயிலில் மாறன்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டியதாகக் கருதப்படும் இது, பிரமதேயச் சபையில் யார் அமரலாம் என்ற விதிகளை வகுப்பதால் உள்ளாட்சி வரலாற்றில் உத்தரமேரூருடன் சேர்த்துப் பேசப்படுகிறது. பங்குடையோர் மக்களுள் நல்லொழுக்கமும், மந்திர பிராமணமும் ஒரு தருமமும் கற்ற தகுதியும் உடைய ஒருவரே ஒரு பங்கின் பொருட்டுச் சபையில் செயற்படலாம். விலைக்கு வாங்கியும் கொடையாகப் பெற்றும் சீதனமாக அடைந்தும் வந்த பங்குகளுக்கும் இவ்விதி பொருந்தும். கால், அரை, முக்கால் எனத் துண்டாடப்பட்ட சிராவணை உரிமை அங்கீகரிக்கப்படவில்லை. தகுதி நிரம்பாதவர் வாரியங்களில் அமர்தல் கூடாது. ஒவ்வொரு செயலுக்கும் மறுப்புக் கூறித் தடுப்போர்க்கும் அவர்க்குத் துணைநிற்போர்க்கும் தலைக்கு ஐந்து காசு தண்டம்.

இவ்விதிகளை ஆள்மாறாட்டம் என்னும் கோணத்திலிருந்து நோக்கினால் அவற்றின் உட்கவலை புலனாகிறது. பங்கு கைமாறக்கூடியது. அப்பங்கின் பெயரால் சபையில் வந்து அமர்பவர் யார் என்பதும் மாறக்கூடும். ஒரு பங்கைப் பலர் கூறிட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் முழு உரிமையாளராகப் பேசினால், பங்கு ஒன்றாகவும் குரல் பலவாகவும் ஆகிவிடும். ஒரு பங்குக்கு ஒருவர் என்ற வரையறை, உரிமையையும் அதைத் தாங்கும் மனிதரையும் ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டு இக்கவலையை இன்னொரு முனையிலிருந்து வெளிப்படுத்துகிறது. கழுதை ஏறினாரோடு கூடலேகை செய்தாரையும், அதாவது பொய்யாவணம் புனைந்தாரையும், குடவோலையில் பெயர் எழுதி இடலாகாது என்று அது விலக்குகிறது. எழுத்தைத் திரித்தவர் ஊரின் எழுத்தைக் காக்கத் தகுதியற்றவர் என்பது இதன் கருத்து.

பொய்யாவணம் இந்திய வரலாற்றில் அரிதன்று. 1901இல் ஜே. எஃப். பிளீட், 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் போலிச் செப்பேடுகளைப் பட்டியலிட்டார். எழுத்தமைதி கூறப்படும் காலத்துக்குப் பொருந்தாமை, ஆண்டுக் குறிப்பும் நாள்மீனும் ஒத்துவராமை, அரச மரபுவழியில் முரண்பாடு ஆகியவை போலியைக் கண்டறிய உதவும் அளவைகள். இவ்வளவைகளும் ஆவணத்தை அதற்கு வெளியே உள்ள ஒன்றோடு ஒப்பிடுவனவே. ஆவணம் தன்னைத்தானே மெய்ப்பிக்க முடியாது என்ற நெறியைத் திருவெண்ணெய்நல்லூர் அவையும் பிளீட்டும் ஒருசேரப் பின்பற்றியுள்ளனர்.

4. கணக்கப்பிள்ளையும் சார்பதிவாளரும்

1801இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் திருநெல்வேலிச் சீமை முழுமையாகக் கும்பினி ஆட்சிக்குள் வந்தது. மறு ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆவணங்களைப் பதிவுசெய்ய 1802ஆம் ஆண்டின் 17ஆம் ஒழுங்குவிதி இயற்றப்பட்டது. எனினும் பதிவு முறை உறுதிபெற்றது 1864ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்து 1866, 1871, 1877, 1908 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்களாலும் ஆகும். இதற்கிடையே 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 416ஆம் பிரிவில் ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதை வரையறுத்தது. மாற்றி நடிக்கப்பட்ட ஆள் உண்மையானவராயினும் கற்பனையானவராயினும் குற்றம் குற்றமே என்று அது விளக்கியது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, பதிவு அலுவலர்முன் பிறராக நடிப்பதற்கு ஏழாண்டு வரை தண்டனை விதித்தது.

பதிவு அலுவலகத்தில் நிகழ்ந்த மாற்றத்தின் இயல்பை அறிய, 34, 35ஆம் பிரிவுகளை நோக்க வேண்டும். ஆவணத்தை எழுதிக்கொடுத்தவர் நேரில் வரவேண்டும். அவர் இன்னாரென்று பதிவு அலுவலர் மனநிறைவு கொள்ள வேண்டும். வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்த சார்பதிவாளருக்கு அம்பாசமுத்திரத்து உழவரையோ ஆழ்வார்திருநகரி மூதாட்டியையோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே அடையாளம் காட்டும் சாட்சிகள் தேவைப்பட்டனர். நாட்டார் என்ற குழு இருந்த இடத்தில் இருவர் கையொப்பமிட்டனர். அவ்விருவரும் உண்மையில் அறிந்தவர்களா, ஆவண எழுத்தரின் திண்ணையில் எப்போதும் அமர்ந்திருப்பவர்களா என்பது அலுவலரின் விழிப்பைப் பொறுத்ததாயிற்று. பதிவு முறையின் மிக நொய்ந்த கண்ணி இதுவே.

இக்குறையை ஈடுசெய்த வலுவான கூறு ஒன்றும் அச்சட்டத்தில் இருந்தது. அசையாச் சொத்து ஆவணங்களின் படி, முதலாம் புத்தகத்தில் எழுதப்பட்டு அலுவலகத்திலேயே தங்கியது. 57ஆம் பிரிவின்படி எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதைப் பார்வையிடலாம். வில்லங்கச் சான்று என்று மக்கள் வழக்கில் நிலைபெற்றது இதன் விளைவே. உரியவர் வீட்டுப் பெட்டியில் மூலப்பத்திரம் செல்லரித்தாலும், பிறர் அதைக் கவர்ந்தாலும், இரண்டாவது எழுத்து வேறிடத்தில் இருந்தது.

பதிவகத்துக்கு வெளியே மற்றோர் அயற்சான்றும் இருந்தது. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் காத்த கணக்கப்பிள்ளை, ஊரின் ஒவ்வொரு வயலையும் அதை உழுபவரையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர். அவர் நினைவு ஊரின் காப்பகமாக இருந்தது. அந்நினைவு ஒரு குடும்பத்தின் பரம்பரை உடைமையாகவும் இருந்தமையால் அதுவே அச்சுறுத்தலும் ஆயிற்று. எழுத்தறியாத உழவர் தம் பெயர் அடங்கலில் உள்ளதா என்பதை அவர் வாய்மொழியாலன்றி அறிய வழியில்லை. 1980 நவம்பரில் தமிழக அரசு பரம்பரைக் கணக்கர், முன்சீப் பதவிகளை ஒழித்தது. பின்னர்க் கிராம நிருவாக அலுவலர் முறை வந்தது. சமூகநீதி நோக்கில் இது தவிர்க்க இயலாத மாற்றம். ஆயினும் மாற்றலுக்குரிய அலுவலரால் ஆளை முகம் பார்த்து அறியும் அறிவை நிரப்ப முடியவில்லை. அவ்விடத்தை அட்டைகளும் சான்றிதழ்களும் படிப்படியாக நிரப்பின.

5. ஊரில் இல்லாதவர்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறியோர் வரலாற்றில் அடையாளம் இருமுனையாகச் சிக்கலானது. சென்ற இடத்தில் தொழிலாளர் என்பவர் ஓர் எண். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோர்க்குத் தகர வில்லைகள் வழங்கப்பட்டன. தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் தொழிலாளரைக் குறிக்கும் எண்ணும் பொறித்த அவ்வில்லை, அவரைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்து, வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் ஏற்ற உதவியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கடன் தீர்ந்ததைக் காட்டும் 'துண்டு' வேண்டியிருந்தது. ஆளைவிட அவர் கையிலிருந்த துண்டுக்கே மதிப்பு மிகுந்த இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இங்குச் சான்று தொழிலாளரின் உரிமையைக் காக்கவில்லை. அவரைக் கடனோடு பிணைத்தது.

விட்டுவந்த ஊரில் நிலை வேறு. நீண்ட காலம் செய்தி இல்லாதவரைப் பற்றி 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு ஒரு விதி வகுத்தது. வழக்கமாக அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகள் கேள்விப்படவில்லையெனில், அவர் உயிரோடிருப்பதாகக் கூறுபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். வாரிசுகளின் இடர் தீர்க்க இயற்றப்பட்ட இவ்விதியின்படி, அயலாரின் மௌனமே ஒருவரது இறப்புக்குச் சான்றாகிறது. எழுதத் தெரியாதவரும் எழுதியனுப்ப ஆள் கிடைக்காதவரும் இவ்விதியின் முன் எவ்வளவு நொய்ந்தவர்கள் என்பது வெளிப்படை.

இறந்ததாகக் கருதப்பட்டவர் திரும்பி வந்தால் என்னாகும் என்பதற்கு வங்காளத்துப் பாவல் சந்நியாசி வழக்கு நாடறிந்த சான்று. 1909இல் டார்ஜிலிங்கில் இறந்ததாகக் கொள்ளப்பட்ட பாவல் ஜமீனின் குமாரர் தாமே என்று 1921இல் டாக்காவில் தோன்றிய சந்நியாசி ஒருவர் உரிமை கோரினார். உடற்குறிகள், நினைவு, உறவினர் கூற்று ஆகியவற்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள்வழி ஆராய்ந்த அவ்வழக்கு, 1946இல் பிரிவி கவுன்சிலில்தான் அவருக்குச் சாதகமாக முடிவுற்றது. ஜமீன் குடும்பத்தாருக்கு அத்தனை சாட்சிகளைத் திரட்ட வசதி இருந்தது. தோட்டத்திலிருந்து திரும்பும் கூலித்தொழிலாளிக்கு அது எட்டாதது.

6. உடலே சான்று: விரல்ரேகையின் இருமுகம்

பெயரையும் கையெழுத்தையும் சாட்சியையும் பொய்யாக்க முடிந்தபோது, பொய்யாக்க முடியாத ஒன்றை ஆட்சியாளர் தேடினர். வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1858இல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு பெற்றார். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் ஆவணம் பதிவோரிடமும் விரல்ரேகை பெறத் தொடங்கினார். இறந்தவர் பெயரில் மற்றொருவர் ஓய்வூதியம் பெறுவதைத் தடுப்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. ரேகைகளை வகைப்படுத்தும் முறை எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கினாலும் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியர்களின் உழைப்பு அதற்கு அடிப்படை. 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவப்பட்டது. 1899இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு ரேகை வல்லுநர் கூற்று ஏற்கத்தக்கதாயிற்று. நாளடைவில் சார்பதிவகங்களிலும் இடதுகைப் பெருவிரல் ரேகையைப் பெறுவதும் அதற்கெனத் தனிப் பதிவேடு வைப்பதும் வழக்கமாயின. எழுத்தறியாத உழவருக்கு அந்த மைத்தடமே கையெழுத்தாகவும் காவலாகவும் ஆயிற்று.

அதே மைத்தடம் தென்தமிழகத்தில் வேறொரு பொருளும் பெற்றது. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம், அறிவிக்கப்பட்ட சமூகத்தினரிடம் விரல்ரேகை பெற அதிகாரம் அளித்தது. மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை பதியவும் பெயர் பதியவும் மறுத்த மக்கள் மீது காவல்துறை சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீக்கப்படும்வரை, ஒருவர் இன்னாரென்று ஐயமறத் தெரிவதே அவர்க்குத் தண்டனையாக இருந்தது. அடையாளச் சான்றின் வலிமையை அளவிடும் ஆய்வு, அது யாருடைய கேள்விக்கு விடையாகப் பெறப்பட்டது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். பதிவகத்தில் 'என் நிலத்தை நானே விற்கிறேன்' என்று உரியவர் கூறுவதற்குத் துணைநின்ற ரேகை, காவல்நிலையத்தில் 'இவர் எங்கே போனார்' என்று அரசு கேட்பதற்குத் துணைநின்றது.

7. அண்மைக்காலம்: திருத்தங்களும் திருமேனியும்

2001ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பதிவுச் சட்டத்தில் 32-ஏ பிரிவு சேர்ந்து, ஆவணத்தில் ஒளிப்படமும் விரல்ரேகையும் கட்டாயமாயின. ஆயினும் நில அபகரிப்புப் புகார்கள் பெருகியமையால் 2011இல் தமிழகக் காவல்துறையில் மாவட்டந்தோறும் நில அபகரிப்புத் தடுப்புச் சிறப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. 2022இல் தமிழகச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 22-பி பிரிவால் போலி ஆவணங்களைப் பதிய மறுக்கவும், 77-ஏ பிரிவால் ஏற்கெனவே பதிந்த போலி ஆவணங்களை மாவட்டப் பதிவாளரே நீக்கவும் அது வழிசெய்தது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் 77-ஏ பிரிவை அரசமைப்புக்கு முரணானதென்று நீக்கியது. உரிமையை ஆராய்ந்து தீர்ப்பது நீதிமன்றத்தின் பணியா, பதிவாளரின் பணியா என்பதே இச்சட்டப் போராட்டத்தின் உள்ளீடு. பதிவு என்பது பரிமாற்றத்தின் பதிவேயன்றி உரிமையின் உறுதியன்று என்ற 19ஆம் நூற்றாண்டு அடிப்படை இன்றும் தொடர்வதால், ஏமாற்றப்பட்டவர் உரிமையியல் வழக்கின் நீண்ட பாதையையே நாட நேர்கிறது.

இப்பள்ளத்தாக்கின் கல்லிடைக்குறிச்சியில் நிகழ்ந்த ஒரு மீட்பு, அயற்சான்றின் ஆற்றலைப் பொருளின் அடையாளத்திலும் காட்டுகிறது. அங்குள்ள குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் நடராசர் செப்புத்திருமேனி உள்ளிட்டவை களவு போயின. அந்நடராசரை 2001இல் ஆஸ்திரேலியாவின் தென் ஆஸ்திரேலியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. ஊர் பெயர்த்த திருமேனியின் பிறப்பிடத்தை நிறுவப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படம் உதவியது. 2019 செப்டம்பரில் திருமேனி தமிழகம் திரும்பியது. களவுக்கு முன்பே எடுக்கப்பட்டு, கோயிலிலும் இல்லாமல் வாங்கியவரிடமும் இல்லாமல் மூன்றாவது ஊரில் காக்கப்பட்ட படம் அது. வேள்விக்குடி வழக்கில் நாட்டார் ஆற்றிய பணியை இங்கு ஓர் ஒளிப்படத் தொகுப்பு ஆற்றியது.

8. முன்னறிகுறிகள்: வரலாறு தரும் வகைப்பாடு

மேற்கண்ட சான்றுகளிலிருந்து ஆள்மாறாட்டத்தின் முன்னறிகுறிகளை ஐந்தாக வகுக்கலாம்.

முதலாவது, ஆட்சிக்கும் ஆவணத்துக்கும் முரண்பாடு. ஒருவர் உழும் நிலத்தின் பட்டாவிலோ வில்லங்கச் சான்றிலோ அவர் அறியாத பெயர் காணப்படுதல் இவ்வகை. ஒருவர் வாங்காத கடன் அவர் கடன் வரலாற்றில் காணப்படுவதும், அவர் பெறாத சிம் அட்டை அவர் பெயரில் இயங்குவதும் இதன் இன்றைய வடிவங்கள்.

இரண்டாவது, அயலார் அயலூராராக இருத்தல். அடையாளம் காட்டும் சாட்சிகள் அவ்வூரையும் அவ்வாளையும் அறியாதவர்களாயின், சாட்சி என்பது வெறும் கையொப்பமாகச் சுருங்குகிறது.

மூன்றாவது, மூலம் இன்றிப் படி மட்டும் தோன்றுதல். மூல ஆவணம் தொலைந்ததென்ற கூற்றோடு படியைக் கொண்டு பரிமாற்றம் செய்ய முயல்வது உண்மையான இழப்பாகவும் இருக்கலாம். எனினும் இரண்டாம் எழுத்தோடு ஒப்பிடாமல் அதை ஏற்பது திருவெண்ணெய்நல்லூர் அவை செய்யாத பிழை.

நான்காவது, நெடுமௌனத்துக்குப் பின் திடீர் அசைவு. பல்லாண்டு வெளியூரில் இருப்பவர் பெயரில் பொது அதிகார ஆவணம் பதிவாதல், இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் தொடர்தல், துயில் நிலையிலிருந்த வங்கிக் கணக்கில் பெருந்தொகை புழங்குதல் ஆகியன இதில் அடங்கும்.

ஐந்தாவது, அயற்சான்றின் வழியே மாற்றப்படுதல். வங்கியிலோ அரசுப் பதிவிலோ உள்ள முகவரியும் கைபேசி எண்ணும் உரியவர் அறியாமல் மாறுவது, காரணமின்றிக் கைபேசி இணைப்பு செயலிழப்பது, கேளாத கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருவது ஆகியவற்றை இவ்வகையில் வைக்கலாம். மற்ற நான்கும் கவர்தல் நிகழ்ந்ததைக் காட்டுவன. இது நிகழவிருப்பதைக் காட்டுவது. ஆதலால் இதுவே முதன்மையான முன்னறிகுறி.

2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் சேர்ந்த 66-சி, 66-டி பிரிவுகள் அடையாளத் திருட்டையும் கணினிவழி ஆள்மாறாட்டத்தையும் மூன்றாண்டு வரை தண்டிக்கின்றன. 1930 என்னும் உதவி எண் நிதி மோசடிப் புகார்களை உடனடியாகப் பெறுகிறது. இவை நிகழ்ந்தபின் செயற்படுபவை. நிகழுமுன் அறிவதற்கு மேற்கண்ட ஒப்பீட்டு முறைக்கு ஈடு இல்லை.

9. முடிவுரை

கொற்கைகிழான் காலம் முதல் இன்று வரை அடையாளச் சான்று நாட்டாரின் அறிவாக, சபையின் விதியாக, பதிவகத்தின் புத்தகமாக, விரலின் ரேகையாக, கைபேசிக்கு வரும் எண்ணாக வடிவம் மாறி வந்துள்ளது. வடிவம் மாறினும் அதன் செயல்நெறி மாறவில்லை. உரியவருக்கும் உரிமை கோருபவருக்கும் வெளியே நிற்கும் ஒன்று பேசும்வரை எவரும் இன்னாரென்று முடிவு செய்யப்படுவதில்லை. அந்த ஒன்று யார் கையில் இருக்கிறதோ அவரே அடையாளத்தின் காவலராகவோ கள்வராகவோ ஆகிறார்.

மாறியிருப்பது விழிப்பின் சுமை. 8ஆம் நூற்றாண்டில் ஐயத்தைத் தெளிவிக்கும் பொறுப்பை அரசன் நாட்டார்மேல் வைத்தான். 19ஆம் நூற்றாண்டில் அது பதிவு அலுவலரின் மனநிறைவாயிற்று. இன்று தம் பட்டாவையும் வில்லங்கத்தையும் கடன் வரலாற்றையும் கைபேசி எண்ணையும் இடையறாது சரிபார்க்கும் கடமை தனிமனிதர்மேல் விழுந்துள்ளது. பிள்ளைகள் வெளிநாட்டில் வாழ, சேரன்மாதேவியிலோ திருவைகுண்டத்திலோ தனித்திருக்கும் முதியவருக்கும், கணவர் பெயரிலிருந்து தம் பெயருக்குப் பட்டா மாற்றாத பெண்ணுக்கும் இச்சுமை தாங்கற்கரியது. அயற்சான்றைப் பேணுவது பொதுப்பணி என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை.

இந்நோக்கில் சார்பதிவகங்களின் பழைய விரல்ரேகைப் பதிவேடுகள், ஊர்க் கணக்கர் குடும்பங்களில் எஞ்சியுள்ள அடங்கல் ஏடுகள், ஓலை ஆவணங்கள் ஆகியவற்றைத் தொகுத்துப் பாதுகாப்பது ஆய்வுலகின் உடனடித் தேவை. அவை சமூக வரலாற்றுக்கு மூலங்கள். நிலமிழந்த ஒருவர் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் நிற்கும்போது அவருக்காகப் பேசக்கூடிய எஞ்சிய அயலாரும் அவையே.